மறுக்கிறார்

ஜனவரி 19, வியாழன்

காலை 128/82. மாலை 134/86.

நர்ஸ் சொன்னபடி ஆரம்பித்துவிட்டேன். காலையும் மாலையும் என் வீட்டுக்காரரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, பி.பி. பார்த்து, எழுதி வைத்து, அடுத்த முறை வரும்போது கொண்டு வர வேண்டுமாம். தனி நோட்டு இல்லை. என் ஜெராக்ஸ் கடைக்குப் பேப்பர் போடுகிறவர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஒரு பக்கத்தில் இரண்டு எண்ணை எழுதினால் மீதி இடம் வெறுமனே கிடக்கிறது. அதனால் மற்றதையும் எழுதுகிறேன். எழுதினாலாவது எனக்குப் புரிகிறதா பார்க்கலாம்.

நடந்தது இதுதான். போகி அன்று காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனார். துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டு, அதன் வாசலில் எடைமேடை. லாரி மேடையில் ஏறி நின்றதும் கேபின் ஜன்னல் வழியே கையை நீட்டி, டிரைவரிடம் சீட்டை வாங்கி, எடையைப் பதிந்து திருப்பிக் கொடுப்பதுதான் அவர் வேலை. பதினெட்டு வருஷமாக அதே ஜன்னல். அன்று தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. எதிரில் வருகிற ஆளே தெரியாத புகை. ஏழரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். வரிசையில் நின்ற இரண்டு டிரைவர்கள் லாரியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் பேர்கூட எனக்குத் தெரியாது.

இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் முழுக்க அடைத்துவிட்டது என்றார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் பெனாசிர் என்று சின்ன வயதுப் பெண். அவர் கட்டிலருகே நின்று டாக்டர் விசாரித்ததை நானும் கேட்டேன்.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

"இல்ல மேடம்."

"முன்னாடி? பீடி, புகையிலை, பாக்கு?"

"எதுவும் இல்ல மேடம்."

சர்க்கரை இல்லை. குடி இல்லை. அப்பா எண்பத்து நாலு வயது வரை இருந்தார். டாக்டர் ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்தார். "நாப்பத்தொம்போது வயசு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தப் பார்வை எனக்கு என்னவோ போல இருந்தது.

ஜனவரி 20, வெள்ளி

காலை 130/84. மாலை 128/80. மகள் தாரணிக்குச் சேலத்தில் பரீட்சை. இன்று கிளம்பிவிட்டாள். கடை திறக்கவில்லை.

ஜனவரி 22, ஞாயிறு

காலை 126/82. மாலை 138/88. மாலை எண் ஏறியதற்குக் காரணம் அண்ணி.

தனலட்சுமி அண்ணி அவருடைய அக்கா. தண்டையார்பேட்டையிலிருந்து சாத்துக்குடியோடு வந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு நேராகச் சமையலறைக்குள் வந்து எண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பரிமளா, மாசத்துக்கு எவ்ளோ வாங்குற?"

"மூணு லிட்டர் அண்ணி."

"எங்க வூட்ல யாருக்கும் நெஞ்சு வலி வந்ததில்ல. எங்கப்பா கடைசி வரைக்கும் சைக்கிள் மிதிச்சாரு. உன் கைக்கு வந்தப்புறம்தான் என் தம்பிக்கு வந்திருக்கு. நான் தப்பா சொல்லல, நீ யோசிச்சுப் பாரு."

அண்ணி போன பிறகு யோசித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் என்னவெல்லாம் போட்டேன் என்று யோசித்தால் முடிகிற காரியமா? ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல். மழை பெய்தால் பஜ்ஜி. அப்பளம் தினமும். ஆனால் அதையேதானே நானும் சாப்பிட்டேன்? எனக்கு ஒன்றும் இல்லையே?

ஜனவரி 24, செவ்வாய்

காலை 124/80. மாலை 128/82.

கடை திறந்தேன். பத்து நாள் பூட்டிக் கிடந்ததில் மெஷின் மேல் கறுப்பு மாவு மாதிரி படிந்திருந்தது. துணியை மூன்று முறை அலசினேன். எங்கள் கடை லாரி ரோட்டின் மேலேயே இருக்கிறது. துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள் இன்ஜினை அணைக்கமாட்டார்கள். மெஷின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு டீ குடித்து வந்தால் விரலால் பேர் எழுதலாம்.

மத்தியானம் வீட்டுக்கு வரும்போது முதல் மாடித் திருப்பத்தில் நின்று சாவியைத் தேடினேன். இரண்டாம் மாடிக்குப் போனதும் மறுபடி தேடினேன்.

அவர் கம்பெனியில் கொடுக்க ஆஸ்பத்திரிக் காகிதங்களை நகல் எடுத்தேன். ஊரில் எல்லோருடைய காகிதமும் என் கை வழியாகப் போகிறது, நான் படிப்பதில்லை. இது என் வீட்டுக் காகிதம் ஆயிற்றே, படித்தேன். இங்கிலீஷில் நிறைய இருந்தது. ஒரு வரி 'ஸ்மோக்கிங்' என்று ஆரம்பித்தது. அதற்குப் பக்கத்தில் 'டினைஸ்'. காலேஜ் பெண் ஒருத்தி சர்டிபிகேட் நகல் எடுக்க வந்தாள். அவளிடம் கேட்டேன்.

"மறுக்கிறார்னு அர்த்தம் ஆன்ட்டி. சிகரெட் பிடிக்கிறத மறுக்கிறாரு."

மறுக்கிறார். பழக்கம் இல்லாதவருக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போகலாமே? 'மறுக்கிறார்' என்றால் என்ன? போலீஸ்காரன் கேட்டால் திருடன்தானே மறுப்பான்?

ஜனவரி 25, புதன்

காலை 126/78. மாலை 130/84.

அவர் தூங்கியபோது யூனிபார்ம் சட்டை இரண்டையும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். புகை நாற்றம். எப்போதும் இருக்கிற நாற்றம்தான், டீசல் என்றுதான் இத்தனை வருஷம் துவைத்தேன். இன்று எது டீசல், எது சிகரெட் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரு பாக்கெட்டில் புதினா மிட்டாய் காகிதம் ஏழு இருந்தது. அவருக்கு இனிப்பே பிடிக்காது. வாய் நாற்றத்தை மறைக்கத்தானே ஆம்பளைகள் புதினா மிட்டாய் போடுவார்கள்?

இப்படி நினைத்ததும் எனக்கு நிம்மதி போல ஒன்று வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அப்படியானால் என் எண்ணெய் இல்லை என்பதாலா?

ஜனவரி 27, வெள்ளி

காலை 122/80.

சும்மா எனக்கும் ஒரு முறை பி.பி. மெஷினைக் கட்டிப் பார்த்தேன். 168/104 காட்டியது. கழற்றி மறுபடி கட்டினேன். 162/100. வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கெட்டுவிட்டது. உடனே அவருக்குக் கட்டிப் பார்த்தேன், 126/82. அவருக்கு மட்டும் சரியாகக் காட்டுகிறது. என்ன மெஷினோ.

ஜனவரி 30, திங்கள்

காலை 128/82. மாலை 126/80.

மருந்துக் கடையில் மெஷினைக் காட்டினேன். கடைக்காரர் தன் கையில் கட்டிப் பார்த்தார். அவரிடம் இருக்கிற பழைய மெஷினிலும் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லக்கா. யாருக்கு ஜாஸ்தி காட்டுச்சு?"

"பக்கத்து வூட்டம்மாவுக்கு."

"எவ்ளோ?"

சொன்னேன்.

"அவங்கள டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்கக்கா. இன்னிக்கே போகச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நான் ஏன் பக்கத்து வீட்டம்மா என்று சொன்னேன்? பக்கத்து வீட்டில் பூட்டுத்தான் தொங்குகிறது.

பிப்ரவரி 1, புதன்

காலை 126/80. மாலை பார்க்கவில்லை. கையைக் கொடுக்கவில்லை.

கேட்டுவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்திருந்தார். தட்டை எடுக்கும்போது என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"எத்தினி வருசமா பிடிக்கிறீங்க?"

"இன்னாத்த?"

"சிகரெட்ட."

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார்.

"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரிக் காயிதத்துலயே எழுதியிருக்கு. நீங்க மறுக்கிறீங்களாம். பாக்கெட்ல புதினா மிட்டாய் எதுக்கு? ஷிப்டு ரெண்டு மணிக்கு முடியுது, பத்து நிமிசம் நடை. படுக்குறதுக்கு முன்ன கொஞ்ச நாளா வூட்டுக்கு மூணு மணிக்குத்தான் வந்தீங்க. அந்த ஒரு மணி நேரம் எங்க இருந்தீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த மூடியதைத்தான் நான் பார்த்தேன்.

"இருபத்திரண்டு வருசம் கூட இருக்கிற நீ, ஒரு காயிதத்த நம்பிக்கினு என்னக் கேக்குற" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

டாக்டரிடம் சொன்ன 'இல்லை'யைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை. மிட்டாய்க்கும் காரணம் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

காலை 146/92. மாலை 144/94. பேச்சு இல்லை. வேளைக்குக் கையை மட்டும் நீட்டுகிறார். அவர் கோபம் மெஷினில் எண்ணாக வருகிறது. எனக்குக் கட்டிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, திங்கள்

காலை 138/88.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்கு ஈ.சி.ஜி. எடுக்கிற நேரத்தில் டாக்டர் பெனாசிரைத் தனியாகப் பிடித்தேன். அந்த வரியைக் காட்டினேன்.

"அது நாங்க எழுதுற வழக்கம்மா. இல்லைன்னு யார் சொன்னாலும் அப்படித்தான் எழுதுவோம். சந்தேகப்பட்டு எழுதுறது இல்ல."

"அப்ப அவர் பிடிக்கலன்னு நீங்க நம்புறீங்களா மேடம்?"

"நம்புறேன். ஆனா புகை உள்ள போகலன்னு நம்பல. அவர் எங்க வேலை செய்றாருன்னு சொன்னாரே."

எனக்குப் புரியவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லாரிப் புகையில கண்ணுக்கே தெரியாத தூசு இருக்கும்மா, தலைமுடியை விட ரொம்பச் சின்னது. மூக்குல நிக்காது, தொண்டையில நிக்காது, நுரையீரலோட அடி வரைக்கும் போயிடும். அங்கேருந்து கொஞ்சம் ரத்தத்துலயும் கலக்கும். ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் வழவழன்னு ஒரு மெல்லிசுத் தோல் இருக்கும். அது மெல்ல மெல்லப் புண்ணாகும். குழாய் விரிய வேண்டிய நேரத்துல விரியாது. கொழுப்பு வந்து ஒட்டும். வருஷக்கணக்கா நடக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. அப்புறம் புகை ஜாஸ்தியா இருக்கிற ஒரு நாள், அந்த ஒட்டினது வெடிச்சு, ரத்தம் கட்டி, அடைச்சிடலாம்."

"அப்ப அவருக்கு அதனாலதான் வந்துச்சு."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா? ஆமாவா, இல்லையா?"

"இந்தக் காத்துல இருக்கிற ஆயிரம் பேரை எடுத்துக்கிட்டா, நல்ல காத்துல இருக்கிற ஆயிரம் பேரை விட அதிகம் பேருக்கு மாரடைப்பு வருது, பி.பி. வருதுன்னு சொல்லலாம். உங்க வீட்டுக்காரர் ஒருத்தருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா. புகை, தூசு உள்ள இடத்துல வேலை செய்யக் கூடாதுன்னு வேணா கம்பெனிக்கு எழுதித் தரேன்."

ஆயிரம் பேரோடு நான் குடும்பம் நடத்தவில்லை. ஒருத்தரோடுதான் நடத்துகிறேன். அந்த ஒருத்தரைப் பற்றிக் கேட்டால் இருக்கலாம் என்கிறார். படித்தவர்களே இப்படிச் சொன்னால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

கிளம்பும்போது, "பகல்ல நீங்க எங்கம்மா இருப்பீங்க?" என்று கேட்டார்.

"கடையில. ஜெராக்ஸ் கடை."

"எந்த இடத்துல?"

"அதே ரோட்டுலதான்."

"உங்க பி.பி.யையும் ஒரு தடவை பாத்துடலாமா?"

"பஸ் வந்துடும் மேடம், இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

பிப்ரவரி 8, புதன்

காலை 134/86. மாலை 132/86.

இடது தாடை வலி. கடைவாய்ப் பல்லாக இருக்கும். கிராம்பு வைத்தேன். மாடி ஏறும்போது வலிக்கிறது, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. விசித்திரமான பல்.

பிப்ரவரி 9, வியாழன்

காலை 136/86. மாலை 130/84.

யார்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இஸ்மாயில் பாயின் டீக்கடை. நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. இன்று டாக்டர் எழுதிய கடிதத்தைக் கம்பெனியில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பாய் கூப்பிட்டார்.

"அம்மா, ஏகாம்பரம் சார் எப்பிடி இருக்காரு?"

"பரவால்ல பாய்." அப்புறம் கேட்டேவிட்டேன். "அவரு இங்க வந்து தினமும் சிகரெட் வாங்குவாரா?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சிகரெட்டா? அவரா? யாருன்னா பக்கத்துல பத்த வெச்சாலே எழுந்து அந்தாண்ட போய்டுவாரும்மா. தீபாவளிக்கு அப்புறம்தான் இங்க உக்கார ஆரம்பிச்சாரு. ஷிப்டு முடிஞ்சு வருவாரு, அந்த பெஞ்சுல சாஞ்சிக்குவாரு. மூச்சு வாங்கும். வேர்த்துக் கொட்டும். குமட்டுதுன்னு சொல்லுவாரு, நான்தான் புதினா மிட்டாய் குடுப்பேன். அரை மணி, முக்கா மணி ஆகும். அப்புறம் நடந்து போவாரு. டாக்டராண்ட போங்க சார்னு எத்தினி தபா சொல்லியிருப்பேன். வூட்ல சொன்னா பயந்துக்குவா பாய்னு சொல்லுவாரு."

நான் அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் டீ கொடுத்தார். பாதி குடித்தேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

காலை 132/84. மாலை 130/82.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து மூன்று முறை அவர் முன்னால் போய் நின்றேன். முதல் முறை தண்ணீர் வேணுமா என்று கேட்டேன். இரண்டாம் முறை பேன் போடவா என்று கேட்டேன். மூன்றாம் முறை ஒன்றும் கேட்காமல் திரும்பினேன். எண்ணெயில்லாமல் கீரை செய்தேன். அவர் சாப்பிட்டார். எனக்கு நெஞ்செரிச்சல், பாதியில் வைத்துவிட்டேன். காலையில் குடித்த இஞ்சிக் கஷாயம் ஒத்துக்கொள்ளவில்லை போல.

எனக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. மூன்று மாதம் ஒரு மனிதர் மூச்சு முட்டி பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் "குழம்பு நல்லாருக்கு" என்கிறார். இப்படி ஒருத்தரால் எப்படி மறைக்க முடியும்?

பிப்ரவரி 12, ஞாயிறு

காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். அவர் இந்த டைரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்களை மட்டும் தனியாக எழுதிக்கொள்ள எடுத்ததாகப் பிறகு சொன்னார். சட்டையை முகர்ந்தது, மிட்டாய்க் காகிதம், எல்லாம் இதில் இருக்கிறதே.

"தப்புதாங்க. பாய் சொல்லித்தான் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்தேன்.

"அத வுடு. இங்க வா, உக்காரு."

பதினொரு நாள் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு. உட்கார்ந்தேன். அவர் பக்கத்தைத் திருப்பி, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல விரல் வைத்துப் படித்தார்.

"ஜனவரி இருபத்தி நாலு. மாடித் திருப்பத்துல நின்னு சாவியத் தேடினேன். சாவி எப்பவும் உன் இடுப்புலதானே தொங்குது? இன்னாத்தத் தேடின?"

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"இருபத்தி ஏழு. நூத்தி அறுவத்தெட்டு. மெஷின் கெட்டுப்போச்சு. முப்பதாந்தேதி மெஷின் நல்லாத்தான் இருக்கு, பக்கத்து வூட்டம்மாவுக்கு. எந்த வூட்டம்மா? எட்டாந்தேதி விசித்திரமான பல்லு. நேத்து இல்ல முந்தாநேத்து நெஞ்செரிச்சல்."

"அது கஷாயம்."

"எனக்கும் குமட்டல்தான் வந்துச்சு. நானும் பித்தம்னுதான் நெனச்சேன்." அவர் டைரியை மூடினார். "நான் மறச்சேன், சாவுற வரைக்கும் போய் வந்தேன். நீ இன்னாத்துக்குடி மறைக்கிற?"

"நான் எங்கங்க மறச்சேன்? எல்லாத்தையும் எழுதித்தானே வெச்சிருக்கேன்?"

"எழுதி வெச்சிட்டா ஆச்சா? யாரு படிக்கிறதுக்கு?"

அவர் மெஷினை எடுத்து என் கையில் கட்டினார். பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார் என்றார். 172/106. மீனை அப்படியே கீழ் வீட்டில் கொடுத்துவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். இதை எழுதியது போதும் என்கிறார்.

பிப்ரவரி 18, சனி

வீட்டுக்கு வந்தேன். ஒன்றும் எழுத முடியாத ஐந்து நாள்.

எனக்கு இரண்டு குழாயில் அடைப்பு. ஒன்று கொஞ்சம், மாத்திரையில் பார்த்துக்கொள்ளலாமாம். இன்னொன்று முக்கால் பங்கு. அதற்கு ஸ்டென்ட். மணிக்கட்டு வழியாகவே உள்ளே போய் வைத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் பெனாசிர் சொல்லவில்லை. "வந்துட்டீங்கள்ல" என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் லாரிப் புகையாலா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். வயது இருக்கிறது, கவனிக்காமல் விட்ட பி.பி. இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, காற்றும் இருக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு பங்கு என்று குழாயைத் திறந்து பார்த்தாலும் எழுதியிருக்காது என்றார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. டாக்டருக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

தனலட்சுமி அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார். வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். அதே எண்ணெயத்தானே நீயும் துன்ன." எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொல்வது தப்பு என்றும் என்னால் நிரூபிக்க முடியாதே.

மார்ச் 6, திங்கள்

அவர் 124/80. நான் 136/86.

பின் தெருவில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடையை மாற்றிவிட்டோம். ஆட்கள் குறைவு. அவருக்கும் டாக்டர் கடிதத்தைப் பார்த்துவிட்டு யார்டின் உள்ளே, பதிவேட்டு அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். வாசலிலிருந்து முந்நூறு அடி தள்ளி. முந்நூறு அடி போதுமா, பின் தெரு போதுமா, தெரியாது. காற்றுக்குத் தெரு பேர் தெரியுமா என்ன?

மார்ச் 9, வியாழன்

அவர் 126/82. நான் 132/84.

ஒரு பெண் ஆதார் நகல் எடுக்க வந்தாள். நிரோஷா என்று பேர், முப்பத்திரண்டு வயது. வேலை கிடைத்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். எங்கே என்று கேட்டேன்.

"யார்டு கேட்டாண்டக்கா. எடைமேடை. முன்னாடி இருந்தவருக்கு உடம்பு சரியில்லயாம், உள்ள மாத்திட்டாங்களாம்."

என் கை மெஷின் மேலேயே நின்றுவிட்டது. அவர் எழுந்து வந்த நாற்காலி காலியாக இருக்கும் என்று நான் எப்படி நினைத்தேன்? அதில் வேறு யாரையாவது உட்கார வைப்பார்கள் என்பதே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் இருவருடைய நெஞ்சைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உக்காரும்மா" என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப வேலைக்குப் போகாதன்னு சொல்றீங்களாக்கா? ரெண்டு பசங்க. வூட்டுக்காரர் இல்ல எனக்கு. இதான் கெடச்சுது."

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? போ என்றும் எப்படிச் சொல்வது? "தெரியலம்மா" என்றேன். நகலைக் கொடுத்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

அவர் 128/82. நான் 134/84.

ஐந்து நாளாக அவரிடம் இதையேதான் பேசுகிறேன். இன்று அவர், "நீதான் கடையில உக்காந்து ஊருக்கெல்லாம் மனு எழுதித் தரியே, எங்க மேனேஜருக்கு இதப் பத்தி ஒண்ணு எழுது" என்றார்.

பேர், முகவரி, பொருள் வரைக்கும் கை தானாக ஓடியது. காரணம் எழுதுகிற இடத்தில் நின்றுவிட்டேன். 'புகையால் வந்த நோய்' என்று எழுதினால் டாக்டரே கையெழுத்துப் போடவில்லையே என்பார்கள். 'வந்திருக்கலாம்' என்று எழுதினால் இருக்கலாம் என்பதற்கெல்லாம் செலவு செய்ய முடியாது என்பார்கள். நாலு தாளைக் கிழித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன்:

'மேற்படி எடைமேடையில் பதினெட்டு ஆண்டு பணிபுரிந்தவருக்கும், அதே சாலையில் கடை வைத்திருந்த அவர் மனைவியாகிய எனக்கும் ஒரு மாத இடைவெளியில் இதய ரத்தக்குழாய் அடைப்பு ஏற்பட்டது. இதற்குக் காரணம் புகைதான் என்று உறுதியாகச் சொல்ல எங்களால் முடியாது. புகை இல்லை என்று உறுதியாகச் சொல்ல உங்களாலும் முடியாது. உறுதியாகத் தெரியும் வரை, அங்கே உட்காருகிறவரின் வேலையைப் பறிக்காமல், ஜன்னலைக் கண்ணாடியால் அடைத்து, சீட்டு வாங்க அடியில் ஒரு தட்டு வைத்து, உள்ளே நல்ல காற்று வர வழி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

அவர் கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். இஸ்மாயில் பாய் போட்டார். ஷிப்டு முடிந்து வந்த நிரோஷாவிடம் படித்துக் காட்டினேன்.

"இதுல போட்டா வேலை போயிடுமாக்கா?"

"தெரியலம்மா. போடலன்னா நான் தப்பா நெனைக்கமாட்டேன்."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு எங்கள் மூன்று பேருக்கும் மேலே, காலியாக இருந்த இடத்தில் போட்டாள்.

மார்ச் 18, சனி

அவர் 126/80. நான் 130/82.

மனுவை மேனேஜரிடம் அவரே கொண்டுபோனார். மேனேஜர் இரண்டு முறை படித்தாராம். அவர் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா ஏகாம்பரம், காரணம் இதுதான்னு தெரியாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். தெரியாததாலதான் கேக்குறோம். தெரிஞ்சிருந்தா அங்க யாரையும் உக்கார வுட்டிருக்கமாட்டோம்."

தாளை மடித்து மேசை டிராயரில் வைக்கப் போன மேனேஜர், வைக்காமல் மறுபடி விரித்து மேசை மேலேயே வைத்துக்கொண்டாராம்.

நிரோஷா இன்றும் திறந்த ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் சொல்லி, திங்கட்கிழமை கண்ணாடிக்காரர் அந்த ஜன்னலை அளவெடுக்க வருகிறார்.